அம்மாவுக்காக இருமிய காலம்

நான் நகைச்சுவை எழுதுகிறவள் என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சு மட்டும்தான். என் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை. அதில் எனக்குப் பெரிய குறையும் இல்லை. சிரிக்கவே கூடாது என்று தடை விதிக்கப்பட்ட ஒரே ஒரு ரசிகையை முன்னால் உட்காரவைத்துத் தொழில் பழகியவள் நான். அந்த ரசிகை என் அம்மா. அவள் சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். கேட்டுவிட்டால் அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இவ்வளவும் எனக்கு ஒன்பது வயதிலேயே சந்தேகமறத் தெரிந்திருந்தது. மற்றப் பாடங்களில் நான் அவ்வளவு கெட்டிக்காரி அல்ல.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. வெள்ளைக்காரத் துரை போய் உள்ளூர்த் துரை வந்திருந்த சமயம். துரைதான் மாறினார், லயம் மாறவில்லை. ஒரே நீளத் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு குடும்பம், முன்னால் கோழிக்கும் மனிதருக்கும் பொதுவான ஓர் இஸ்தோப்புத் திண்ணை. இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பி, அதற்கப்புறம் மனமில்லாமல் நின்றுவிடும். கட்டினவன் கல்லை மிச்சம் பிடித்தானோ, கூலிக்காரனுக்கு என்ன ரகசியம் என்று நினைத்தானோ தெரியாது. புகையும் கருவாட்டு வாசமும் புருஷன் பெண்சாதி சண்டையும் அந்த இடைவெளி வழியாக லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்வரும். நாங்கள் ரசம் தாளித்தால் மூன்றாவது காம்பராவில் தும்முவார்கள்.

அடுத்த காம்பராவில் ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, லயத்து முறையில் பெரியம்மா. அம்மாவும் அவளும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். பெரியம்மாவுக்குச் சாதாரணமாகப் பேசத் தெரியாது. எதிர் மலையில் நிற்பவளிடம் பேசுகிற அளவுக்குத்தான் அவள் குரல் இறங்கும். சுவர் கூரை வரைக்கும் இருந்திருந்தாலும் அவளுக்கு அது ஒரு தடையாக இருந்திருக்காது.

அம்மாவின் இருமல் ஐப்பசி மழையோடு வந்தது. மழைக்கால இருமல் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் பொங்கலும் கழிந்தது, மழையும் நின்றது, இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும். ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்து விழும். மலையில் இருமினால் காற்று கொண்டுபோய்விடும், கங்காணிக்குக் கேட்காது. வீட்டில்தான் சங்கடம். விளக்கணைத்துப் படுத்ததும் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொள்வாள். அடக்கப்பட்ட இருமல் உடம்பைக் குலுக்கும்போது பாயும் சேர்ந்து ஆடும். ஒரு பக்கம் நான், மறு பக்கம் தம்பி. அவனுக்கு நாலு வயது இருக்கும்.

லொறிக் கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் பணிய லயத்தில், அதாவது எங்களுக்குக் கீழே இருந்த லயத்தில், ஒரு மாமா இருமிக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சீக்கு என்றார்கள். டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்தார். மறுநாள் தோட்டத்து லொறி வந்தது. மாமாவை ஏற்றிக்கொண்டு போனதும் அவர் படுத்த பாயையும் தலையணையையும் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானோரத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மாமா திரும்பி வரவேயில்லை. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தோம். பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: ஆளைக் கொண்டுபோவது சீக்கு அல்ல, சீக்கு அடுத்தவன் காதில் விழுவது. 

அப்பாவுக்கும் அப்படித்தான் விளங்கியிருக்க வேண்டும். அவர் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. பேச்சுக் குறைவு. வீட்டில் பெரிய கஷ்டம் ஏதும் வந்தால் இஸ்தோப்பில் குந்திக் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார். அந்த வருஷம் எங்கள் தோட்டத்திலேயே மிகக் கூர்மையான கத்தி அவருடையதுதான்.

முதல் தடவை அது தற்செயலாக நடந்தது. ஒரு நாள் அம்மாவுக்கு முந்தானையை மீறி இருமல் வெடித்துவிட்டது. அதைக் கேட்டுத் தம்பியும் விளையாட்டாக இருமினான். சுவருக்கு மேலே இருந்து பெரியம்மாவின் குரல் வந்து விழுந்தது.

"ஏம்புள்ள, யாரு அது? இன்னும் நிக்கலையா ஒனக்கு?"

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இல்லக்கா. சின்னவனுக்குத்தான்" என்றாள்.

"புள்ளைக்குக் கஷாயம் வச்சுக் குடு. சும்மா பாத்துக்கிட்டு இருக்காத."

"சரிக்கா."

அவ்வளவுதான். லொறி வரவில்லை. இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். மறுநாளிலிருந்து அம்மாவின் இருமலுக்கு நாங்கள் ஆள் கொடுக்க ஆரம்பித்தோம்.

அதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் அம்மா. அவள் இருமல் முடிவதற்குள் நான் அதன்மேல் ஏறிக்கொள்வேன். கடைசியில் தம்பி. வெளியில் கேட்பவர்களுக்கு எது யாருடையது என்று பிரித்தெடுக்க முடியாது. அம்மா முதலில், "சும்மா கெடங்க" என்று அதட்டினாள். இரண்டு மூன்று நாளில் அதட்டுவதை விட்டுவிட்டாள். எங்கள் இருமலுக்கு நடுவில் அவள் முந்தானையை எடுத்துவிட்டுத் தாராளமாக இருமிக்கொள்ள முடிந்தது. அது அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்பது அதற்கப்புறம் அவள் விடும் மூச்சில் தெரியும்.

தம்பிக்கு இதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் இல்லை. தன் முறைக்காகக் கண்ணை இறுக்கி மூடிக் காத்திருப்பான். இருமி முடித்ததும் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவான். மற்றப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு என்னவோ அதுவாக அவனுக்கு இந்த இருமல் ஆகிப்போனது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இருமல் முடிந்தது, பிள்ளை தூங்கியது, லொறி வரவில்லை. ஒரு நாள் பொழுது கழிந்தது. அதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னாடி அங்க, இருமல் பஜனையா நடத்துறீங்க? மார்கழி முடிஞ்சு எத்தன நாளாச்சு!" என்று கத்துவாள். லயம் முழுக்கச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அம்மாவுக்கும் வரும், அங்கேதான் ஆபத்து.

அம்மா நன்றாகச் சிரிக்கக்கூடியவள். சீக்கு வருவதற்கு முன்னால் நான் கங்காணி மாதிரி நடந்து காட்டினால், துரையின் தமிழைப் பேசிக் காட்டினால், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரிப்பாள். இப்போது சிரிப்பு மூன்றாவது மூச்சில் இருமலாக மாறியது. இருமி முடித்து அவள் துடைக்கிற துணியை எங்களிடம் காட்டமாட்டாள். ஒரு நாள் அப்பா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மாவச் சிரிக்க வைக்காத ஆத்தா" என்றார். அவர் எனக்கு நேராகச் சொன்ன வார்த்தைகள் குறைவு என்பதால் அது அப்படியே மனதில் நிற்கிறது. இருந்தாலும் எனக்கு நடிக்காமல் இருக்க முடியாது. ஆகவே சிரிப்பு வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தப் பழகினேன். அம்மாவின் உதடு ஓரத்தில் லேசாக விரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். என் எழுத்தைப் பற்றி விமர்சகர் ஒருவர், சிரிக்க வைக்கப் போய்ப் பாதியில் கைவிட்டுவிடுகிறார் என்று எழுதியிருந்தார். மனிதர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். காரணம்தான் அவருக்குத் தெரியாது.

கடைசியில் பெரியம்மா ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"புள்ளைகள டிஸ்பென்சரிக்கு நீ கூட்டிட்டுப் போறியா, நான் கூட்டிட்டுப் போகவா?"

அம்மா அங்கே போனால் டிஸ்பென்சரி ஐயா அவளைத்தான் முதலில் பார்ப்பார். "நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கா, எனக்கு அடுப்பு வேலை கெடக்கு" என்றாள். என் கையில் ஒரு காலிப் போத்தலைக் கொடுத்தாள். நான் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. நன்றாக இருமினால் போத்தல் நிறைய மருந்து கிடைக்கும், அதை அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம்.

டிஸ்பென்சரி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் அல்ல என்று அவரே சொன்னாலும் நாங்கள் நம்பியதில்லை. முதலில் தம்பியை இருமச் சொன்னார். அவன் கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, பூனைக்குட்டி மாதிரி ஏதோ செய்தான். அவர் மீசைக்குள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ இருமு பிள்ளை, பாப்பம்."

நான் இருமினேன். அரைகுறையாக அல்ல, முழுவதுமாக. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இரண்டு படி ஏறி, மூன்றாவதில் உடைந்து, கடைசியில் காற்றைத் தேடி ஓர் இழுப்பு. இழுக்கும்போது இடது விலாவைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். அதையும் விடவில்லை.

அவர் குழாயை என் நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு சுத்தமாக் கிடக்கு. இன்னொருக்கா இருமு."

இன்னும் நன்றாக இருமினேன். அவர் குழாயைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது உன்ர இருமல் இல்லைப் பிள்ளை. உங்கட வீட்டில ஆர் இப்பிடி இருமுறது?"

"யாரும் இல்லைங்க."

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். ஊருக்கே கேட்கிற குரல்காரி, வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு எப்போதோ தெரியும் என்று. 

என் போத்தலை வாங்கி, அதில் மருந்தே ஊற்றாமல் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு நான் லயத்துக்கு வாறன்" என்றார்.

அது என் முதல் மேடை. இன்றுவரை அதைவிட வெற்றியான நிகழ்ச்சி ஒன்றை நான் செய்ததில்லை. பிற்காலத்தில் கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கைதட்டுக் கேட்கும்போது எனக்கு நினைவு வருவது லொறி ஸ்டார்ட் ஆகிற சத்தம்தான். நான் கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால் அம்மா இன்னும் சில மாதம் எங்களோடு இருந்திருப்பாள், அதன் பிறகு இல்லாமலே போயிருப்பாள். நன்றாக நடித்ததால் பிழைத்தாள். கணக்கு எனக்குச் சாதகமாகத்தான் வருகிறது. ஆனால் ஒன்பது வயதில் அந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட யாரும் இல்லை.

மறுநாள் ஐயா வந்து அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அதற்கு அடுத்த நாள், காலைப் பெரட்டில் பேர் கொடுத்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, லொறி வந்தது. அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்துத் தம்பி தவறாகப் புரிந்துகொண்டான்.

"டவுனுக்காம்மா?"

"ஆமா சாமி, டவுனுக்கு."

"எனக்குச் சீனிப் பனிஸ் வாங்கிட்டு வா."

"வாங்கிட்டு வாறேன். அக்கா சொல்றதக் கேட்டுக்கிட்டு இரு."

அவள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, ரயிலேற்றி, மலையைவிட்டு இறங்கி வெகுதூரம் போகவேண்டிய நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். டவுனுக்குப் போனவள் திரும்பிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 

அன்று மத்தியானமே பாயைக் கொளுத்தினார்கள். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "அப்ப அம்மா வந்து எதுல படுக்கும்?" என்று கேட்டான். சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கத்தியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று விளக்கணைத்ததும் தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். சுண்ணாம்பு வாசம் மூக்கை எரித்தது. வெகுநேரம் கழித்தும் அவன் தூங்கவில்லை. "கண்ண மூடு" என்றேன். "மூடித்தான் இருக்கேன்" என்றான். "அப்ப தூங்கு."

"அம்மா இன்னும் இருமல. அது இருமி, நீ இருமி, அப்பறந்தான் நான்."

அவன் அழவில்லை. தன் முறை வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். மறுநாளும் காத்திருந்தான். அதற்கு மறுநாள், கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், சோற்றுத் தட்டின்மேல் சாய்ந்து தூங்கிவிட்டதாக அங்கிருந்த ஆயம்மா வந்து சொன்னாள். அன்றைக்கு விளக்கணைத்த பிறகு நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுடைய இருமலை இருமினேன். அடிவயிற்றிலிருந்து, இரண்டு படி ஏறி, மூன்றாவதில் உடைந்து. பிறகு என்னுடையதை இருமினேன். அவன் தன்னுடையதை இருமிவிட்டுத் தூங்கிப்போனான்.

சுவருக்கு மேலே, "யாரு அது?" என்று ஒரு சத்தம். பதில் வராததால் பெரியம்மா கைவிளக்கோடு வந்து கதவைத் தள்ளினாள். வெளிச்சத்தில் எங்களைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சீக்காளி போன பிறகும் எங்கள் காம்பராவில் அதே இருமல் கேட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் எங்கள் குடத்தைத் தள்ளியே வைத்துவிட்டுத் தங்கள் குடங்களை நிரப்பிக்கொண்டு போவார்கள். எங்களையும் அப்பாவையும் பதுளைக்குக் கூட்டிப்போய்ப் படம் பிடித்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அப்படித்தான். ஒரு நாள் ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"அந்த ஆளு போயும் அந்த வீட்ல இருமல் கேக்குதே, அது யாருதுக்கா?"

பெரியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "என்னோடது. எனக்கு வெத்தலக் காறல். ஒனக்கு என்னாடி, என் தொண்டைக்குமா நீ காவல்?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சண்டை பிடிக்கத் துணிந்தவர்கள் லயத்தில் பலர் இருந்தார்கள், பெரியம்மாவோடு பிடிக்கத் துணிந்தவர்கள் இல்லை.

அந்த ஒரு வருஷத்தில் தம்பி மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பாயை நனைத்தான். தோட்டத்து லொறி எங்கே ஹோர்ன் அடித்தாலும் ஓடிப்போய் வளைவில் நிற்பான். கொழுந்து ஏற்றிக்கொண்டு அது அவனைத் தாண்டிப் போகும், அவன் திரும்பி வருவான். நான் பெரியவளான பிறகு படித்தவர்கள் எழுதிய தடித்த புத்தகங்களில் இதற்கெல்லாம் நீளநீளமான பெயர்கள் இருப்பதைக் கண்டேன். எங்கள் லயத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: புள்ள மெலிஞ்சு போச்சு. அதற்கு மருந்து, முட்டை. பெரியம்மா தன் கோழி இட்ட முட்டையை அவித்துக் கொண்டுவந்து அவன் வாயில் திணிப்பாள். அவன் விழுங்குவான். மெலிந்துகொண்டே போவான்.

நான் மெலியவில்லை. நான் வேறு விதமாகக் கெட்டுப்போனேன். பேச்சு நின்றால் எனக்குப் பயம். எங்கே நாலு பேர் சும்மா இருந்தாலும் கங்காணி மாதிரி நடந்து காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மாதிரி மூக்குப்பொடி போட்டுக் காட்டி அவர் கையாலேயே அடி வாங்கினேன். அழவில்லை. "இவளுக்குத் தாயப் பத்தி ஒரு கவலையும் இல்ல, பாரேன்" என்று லயத்தில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவளுடைய குரலையும் நான் அன்று சாயங்காலமே பேசிக் காட்டினேன். 

ஒரே ஒரு தடவை அப்பா எங்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே புல்லில் நின்றுகொண்டு பார்க்க வேண்டும். மாடி வராந்தாவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு. "அந்தா, அம்மா" என்று அப்பா கை காட்டினார். தம்பி சந்தோஷமாகக் கையை அசைத்தான். அவன் அசைத்தது வேறொரு பெண்ணைப் பார்த்து. அந்தப் பெண்ணும் கையை அசைத்தாள். நிறுத்தவேயில்லை. அவளுக்கும் எங்கோ பிள்ளைகள் இருந்திருக்கும். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி எங்கள் அம்மா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவன் தன்னைப் பார்ப்பான் என்று நின்றாள். நான் அவன் தலையைப் பிடித்துத் திருப்பினேன். அவன் திமிறிக்கொண்டு தான் கண்டுபிடித்த அம்மாவுக்கே டாட்டா சொன்னான். திரும்பி வரும்போது ரயிலில், "அம்மா நல்லாச் சிரிச்சிச்சு" என்றான். பதுளை ரயில் அவ்வளவு நீளப் பயணம் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அம்மா வந்தாள். அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிச் சோற்றில் கன்னம் உப்பியிருந்தது. முடியைக் குறைத்து வெட்டியிருந்தார்கள். கையில் ஒரு பேப்பர் பை, அதற்குள் தம்பி கேட்ட சீனிப் பனிஸ் ரொட்டி. இருமல் சுத்தமாக இல்லை. இஸ்தோப்பில் லயமே கூடிவிட்டது. பீலிக்கரையில் எங்கள் குடத்தைத் தள்ளிவைத்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

தம்பி பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றான்.

"போடா, ஒங்க அம்மாடா. போயி மடியில உக்காரு" என்று பெரியம்மா அவனைத் தள்ளினாள்.

அவன் வந்தான். பனிஸை வாங்கிக்கொண்டான். அம்மா அவன் தலையைத் தடவினாள். அவன் நகரவில்லை, சாயவும் இல்லை. டிஸ்பென்சரி ஐயாவுக்கு முன்னால் நிற்பதுபோல நின்று முழுப் பனிஸையும் தின்றான். தின்று முடித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்:

"நீங்க எப்பப் போவீங்க?"

லயத்தில் யாரும் தாயை அப்படிப் பேசமாட்டார்கள். எங்களுக்கெல்லாம் அம்மா என்றால் நீ, வா, போ. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான் நீங்க. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியம்மா திரும்பி முறைத்ததில் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அம்மா சிரித்த முகத்தோடேயே இருந்தாள். அந்தச் சிரிப்பை அவள் கீழே வைக்க மறந்துபோனாள் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் புதுப்பாயில் படுத்தோம். அம்மா நடுவில். தம்பி அவளுக்குப் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று சுவரோரமாக வந்து என்னை ஒட்டிக்கொண்டான். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் காதுக்குள் மூச்சு பட்டது.

"அக்கா. அம்மாவ இருமு."

அந்த அம்மா ஒரு கை தூரத்தில் படுத்திருந்தாள். அவன் என் கையைக் கிள்ளினான். மெல்ல, வாயைப் பொத்திக்கொண்டு, இருமினேன். அப்படியும் மூன்றாவது படியில் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.

அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"என்னாடி அது?"

"ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா? அய்யோ, இங்க வா, இப்பிடித் திரும்பு."

"இல்லம்மா. நெஞ்சு சுத்தமா இருக்கு. ஐயா சொன்னாரு. இது ஒன்னோட இருமல். இருமலன்னா அவன் தூங்கமாட்டான்."

இத்தனை மாதம் தன் இருமல் அந்தக் காம்பராவில் தனக்குப் பதிலாகக் குடியிருந்ததை அவள் மெதுவாக விளங்கிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு படுத்தாள். படுத்து, தானே இருமினாள். வராத இருமலை வரவழைத்து, தொண்டையிலிருந்து, இரண்டு தடவை.

தம்பி கூர்ந்து கேட்டான்.

"அம்மா இப்பிடி இருமாது" என்றான். "அக்காதான் சரியா இருமும்."

நான் அம்மாவின் காதருகே போய், "வயித்துல இருந்து வரணும். ரெண்டு தடவ ஏறிட்டு, அப்பறம் ஒடையணும். கடைசில மூச்ச இழு. விலாவப் புடிச்சுக்க" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் இருமலைத் தன் மகளிடம் பாடம் கேட்பதில் உள்ள வேடிக்கை அவளைப் பிடித்துக்கொண்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், பழையபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மூச்சுக்காகக் காத்திருந்தேன். இருமல் வரவில்லை. அடுத்த மூச்சிலும் வரவில்லை. சிரிப்பு சிரிப்பாகவே போய் முடிந்தது. 

ஆனால் தம்பி அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் கேட்ட ஞாபகமே இல்லாதவன். இருட்டில் யாரோ சிரிப்பதாகப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு நடுங்குவதைக் கையால் தொட்டுப் பார்த்த அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பிறகு பழக ஆரம்பித்தாள். ஒரு தடவை இருமி, நிறுத்தி, அவன் பக்கம் காதை வைத்துக்கொள்வாள். "இல்ல" என்பான். மறுபடி. "இல்ல." குணமான நெஞ்சை வைத்துக்கொண்டு அந்த இருமலைச் செய்வது லேசான வேலை இல்லை, எனக்குத் தெரியும். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இரண்டு படி ஏறி, மூன்றாவதில் உடைந்தது. முடிவில் காற்றைத் தேடி ஓர் இழுப்பு.

இந்தத் தடவை அவன் இல்லை என்று சொல்லவில்லை.

நான் என்னுடையதை இருமினேன்.

கூரைத் தகரத்தில் ஏதோ உருண்டு போனது. அப்புறம் தம்பி, தன் முறைக்கு, மிகச் சின்னதாக ஒரு தடவை இருமினான். இருமிவிட்டு, அம்மா டவுனுக்குப் போன நாளிலிருந்து அழாதவன், அழ ஆரம்பித்தான். சத்தம் போட்டு அழுதான். அம்மா அவனை இழுத்துக்கொள்ளவில்லை. கையை மட்டும் நீட்டி அவன் வயிற்றின்மேல் வைத்தாள். அவன் அந்தக் கையைத் தள்ளவில்லை.

சுவர் கூரை வரைக்கும் இல்லாத லயம். எல்லாம் கேட்டிருக்கும். பெரியம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.